தாள் எண் 17

ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். போன ஆனியில் பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்தோம். அட்டாலியில் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, ரெண்டு அட்டைகளுக்கு நடுவே நாடா போட்டுக் கட்டிய ஒரு கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "உன்ற காலேஜ் குப்பை, பாத்துத் தூக்கிப் போடு" என்றாள். பிரித்தேன். அந்துருண்டை வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. வெள்ளிப்பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தது. உள்ளே என்னுடைய நோய் ஹெர்பேரியம்.

வேளாண்மை படித்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண ஹெர்பேரியத்துக்கு நல்ல செடியைத் தேடிப் போவார்கள், பூவும் காயும் இலையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். பயிர் நோயியல் பாடத்துக்குச் செய்வது அதற்கு நேர் எதிர். அழுகியது, புள்ளி விழுந்தது, கருகியது, சுருண்டது, இவைதான் வேண்டும். நெல் குலைநோய், நிலக்கடலை டிக்கா, மஞ்சள் இலைப்புள்ளி, கம்பில் பச்சைக்கதிர் என்று முப்பது தாள். செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே புத்தகத்தை அடுக்கி, தினமும் தாள் மாற்றிக் காயவைத்து, தடித்த வெள்ளை அட்டையில் ஒட்டி, வலது கீழ் மூலையில் லேபிள் எழுத வேண்டும். நாங்கள் விடுதிப் பெண்கள் ஆறேழு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரப்பு வரப்பாக அலைவோம். யாராவது ஒருத்தி "ஏய், சூப்பர் துரு நோய்டி" என்று கத்துவாள். பக்கத்தில் அந்தக் காட்டுக்காரர் நின்றுகொண்டிருப்பார். எங்கள் சந்தோஷம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசித்ததில்லை.

பதினேழாம் தாளில் ஒரு சோளக்கதிர். நீளவாக்கில் பிளந்து பாதியை மட்டும் ஒட்டியிருக்கிறேன், முழுக்கதிர் தாளுக்குள் அடங்காது. மேலே ஒரு பாலித்தீன் உறை, இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கரி கொட்டி அடுத்த தாளையெல்லாம் கெடுத்துவிடும். லேபிளில் என் பத்தொன்பது வயதுக் கையெழுத்து:

பயிர்: சோளம். நோய்: தானியக் கரிப்பூட்டை. காரணி: ஸ்போரிசோரியம் சோர்கி. சேகரித்த இடம்: கல்லூரிப் பண்ணை. நாள்: 24.01.2010.

பயிர் சரி. நோய் சரி, காரணியும் சரி. தேதிகூடச் சரி. இடம் மட்டும் பொய்.

*

அன்றைக்கு நான் ஊரில் இருந்தேன். பொங்கலுக்கு வந்தவள் காய்ச்சல் என்று நாலு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன். அப்பாரு மேக்காட்டில் சோளம் அறுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். மானாவாரிக் காடு. புரட்டாசி மழைக்கு விதைத்தால் தையில் கதிர் வரும். ரெண்டு ஏக்கரில் ஒன்றே கால் ஏக்கர் சோளம், மீதியில் துவரையும் தட்டைப்பயறும். சோளம் அப்போதே ஊரில் குறைந்துவிட்டிருந்தது. கிணறு வைத்திருந்தவர்கள் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் போய்விட்டார்கள். மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், மக்காச்சோளத்தைக் கோழித்தீவனத்துக்கு. அப்பாரு மாட்டுக்குத் தட்டு வேண்டும், வீட்டுக்குக் களி வேண்டும் என்று விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சோளத்துக்கு என்ன பெயர் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் எல்லோரும் "நம்ம சோளம்" என்பார்கள். கடையில் வாங்கிய விதையில் வந்தது "கெவுருமெண்டு சோளம்". அவ்வளவுதான் வகைப்பாடு.

அறுப்புக்கு முன்னால் அப்பாரு ரெண்டு நடை காட்டுக்குள் போவார். முதல் நடை விதைக்கதிர் எடுக்க. காட்டின் ஓரத்தில் எடுக்க மாட்டார், நடுக்காட்டில் நின்று, சுற்றிலும் பார்த்து, நல்ல கதிராகப் பொறுக்கி முண்டாசுத் துணியில் கட்டிக்கொண்டு வருவார். அதைத் தனியாகக் கையால் உதிர்த்து, சாம்பல் கலந்து, வேப்பந்தழை போட்டு மொடாவில் வைப்பது ஆயாவின் வேலை. இரண்டாவது நடை கரிக்கருது பொறுக்க. அதற்கு ஒரு பழைய யூரியா சாக்கு. நோய் பிடித்த கதிரைத் தூளை உதறாமல் ஒடித்து அப்படியே சாக்குக்குள் விடுவார். வாயை இறுக்கிக் கட்டி, களத்துக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய்க் கொளுத்துவார்.

அந்தச் சாக்கிலிருந்துதான் நான் எடுத்தேன்.

கரிப்பூட்டை பிடித்த கதிரைப் பார்க்காதவர்கள் இருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிட்டப் போனால், மணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வெள்ளையாக, சற்று நீண்ட, முனை கூம்பிய சின்னச் சின்னப் பைகள் இருக்கும். மணியைவிடப் பெரிசு. விரலால் நசுக்கினால் மெல்லிய தோல் உடைந்து கரித்தூள் கொட்டும். நடுவில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு தண்டு மிஞ்சும். கதிர் முழுக்க அப்படி ஆக வேண்டும் என்பதில்லை. பாதி மணி நன்றாக இருக்கும், பாதி பையாகியிருக்கும். நான் எடுத்த கதிர் அப்படிப்பட்டது. நல்ல மணியும் கெட்ட மணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுக் காட்ட வசதி, மதிப்பெண் கூடுதலாக வரும் என்பது என் கணக்கு.

"அதை எதுக்கு சாமி எடுக்கற?"

"காலேஜுல ஒட்டோணுமுங்க அப்பாரு. பேரு, ஊரு எல்லாம் போட்டு."

அவர் சாக்கின் வாயைக் கட்டுவதை நிறுத்தினார். "ஊருன்னா?"

"எந்தக் காட்டுல எடுத்ததுன்னு போடோணும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "நல்ல கருது அத்தனை நிக்கையில, கெட்டதைக் கொண்டுபோயி நம்ம காட்டுப் பேரைப் போட்டு ஒட்டுவியா? படிச்சவங்க நாலு பேரு பாப்பாங்க. இவங்கூட்டு வெள்ளாமை இப்படித்தான்னு நெனப்பாங்க. வேண்டாங் கண்ணு."

நான் சிரித்தேன். லேபிள் என்பது குற்றப்பத்திரிகை இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். அவர் ஏற்கவில்லை. கடைசியில் "சரிங்க, போடல" என்றேன். விடுதிக்குப் போய் லேபிள் எழுதும்போது இடம் என்ற இடத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. வெற்றாக விட்டால் மதிப்பெண் குறையும். கல்லூரிப் பண்ணை என்று எழுதினேன். முப்பது தாளில் பாதிக்கு மேல் அங்கே எடுத்ததுதான், யாருக்கும் சந்தேகம் வராது. வரவும் இல்லை.

*

இதோடு முடிந்திருந்தால் எழுத வேண்டியதே இல்லை. அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நான் அவருக்கு ஒரு பாடம் எடுத்தேன்.

பாடம் சரியான பாடம். கரிப்பூட்டை காற்றிலோ மண்ணிலோ வருவதைவிட முக்கியமாக விதையோடு வருகிறது. களத்தில் கதிரை அடிக்கும்போது, தாம்பு ஓட்டினாலும் சரி, டிராக்டர் ஏற்றினாலும் சரி, தப்பித்துப்போன நாலு கரிக்கதிரின் பைகள் உடைந்து தூள் எல்லா மணிமேலும் படிகிறது. கண்ணுக்குத் தெரியாது. அடுத்த புரட்டாசியில் விதை முளைக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் பூசண வித்தும் முளைக்கிறது. நாற்று மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே உள்ளே நுழைந்துவிடுகிறது. அப்புறம் மூன்று மாதம் ஒரு அறிகுறியும் கிடையாது. செடி வளர வளர, அதன் குருத்தோடு குருத்தாகப் பூசணமும் மேலே ஏறுகிறது. பூக்கும்போதுதான் சூலகத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்குப் பதிலாகத் தன் பையைக் கட்டுகிறது. மறுபடி களம், மறுபடி தூள், மறுபடி மொடா.

இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிவிட்டு முடிவாக ஒன்று சொன்னேன். "உங்க விதையேதான் நோயைச் சுமந்துட்டு வருதுங்க அப்பாரு. நீங்க எத்தனை பொறுக்கினாலும் போகாது. விதையை மாத்துங்க. கடையில மருந்து கலந்த விதை பாக்கெட்ல வருது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அதே பாடத்தில் அடுத்த வரி ஒன்று உண்டு. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கந்தகத்தூள் கலந்து விதைத்தால் இந்த நோய் போய்விடும். வித்து விதைக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதால், விதைமேல் தடவும் மருந்தே போதும். பயிர் நோயியலில் இவ்வளவு மலிவான, இவ்வளவு எளிதான வைத்தியங்கள் அதிகமில்லை. அது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்று ஏன் சொல்லவில்லை என்று பல தடவை யோசித்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் முழு உண்மையாகாது. கந்தகத்தூள் ஒரு கிழவருக்குச் சொல்கிற வைத்தியம் மாதிரி இருந்தது. விதையை மாற்றுங்கள் என்பது படித்த பெண் சொல்கிற பேச்சு மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் அவர் பாக்கெட் விதை வாங்கினார். ரோஸ் சாயம் பூசிய விதை. நோய் ஒரு கதிர்கூட இல்லை. போனில் சந்தோஷமாகத்தான் சொன்னார். "நீ சொன்னது சரி சாமி." மொடாவில் இருந்ததை ஆயா மாவாக அரைத்துவிட்டாள். அதற்கடுத்த ரெண்டு வருஷத்தில் மேக்காட்டுக்கும் மரவள்ளி வந்தது. 2016இல் அப்பாரு போய்விட்டார்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. அவர் செய்துகொண்டிருந்ததும் நோய் மேலாண்மைதான். விதைக்கதிரைத் தனியாகப் பொறுக்கியது, களத்து அடியில் படாமல் கையால் உதிர்த்தது, கரிக்கதிரைத் தூள் சிந்தாமல் ஒடித்தது, தூரத்தில் எரித்தது, இவை ஒவ்வொன்றும் புத்தகத்தில் இருக்கிற பரிந்துரை. அதனால்தான் வருஷத்துக்கு ஒரு சாக்கு நோயோடு நின்றது. ஒரு சாக்கு நோயும் ஒரு மொடா விதையும் ஒன்றை ஒன்று விடாமல், எத்தனை தலைமுறையோ, சேர்ந்தே வந்திருக்கின்றன. நான் அவிழ்த்துவிட்டேன். நோயோடு விதையும் போனது.

*

நான் இப்போது நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கர்நாடகாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மக்காச்சோள லாரி வரும். மூட்டையில் குத்தூசி விட்டு மணி எடுத்து, அரைத்து, அஃப்ளாடாக்சின் எவ்வளவு என்று பார்ப்பது முக்கியமான வேலை. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் விடும் நஞ்சு அது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, தீவனத்தில் சேர்த்த பிரேசில் நிலக்கடலைப் புண்ணாக்கைத் தேடிப் போய்த்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 20 பிபிபி தாண்டினால் நாங்கள் லாரியைத் திருப்புவோம். ஆயிரம் டன்னில் இருபது கிராம் என்று கணக்கு. அங்கே பூசணம் என்பது ஒரு எண். எந்தக் காட்டு மணி, யார் அறுத்தது, என்ன ரகம், எதுவும் எங்கள் படிவத்தில் இல்லை. லாரி நம்பர் இருக்கும்.

பழைய கட்டு கைக்கு வந்த பிறகு, நோய்ச் செடிகளைச் சேர்த்து வைக்கும் இடங்களைப் பற்றி மறுபடி படிக்க ஆரம்பித்தேன். படித்த காலத்தில் அது பரீட்சைக்கான ஒரு வரி. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு பூசண ஹெர்பேரியம் இருக்கிறது. ஹெர்பேரியம் கிரிப்டோகாமே இண்டியே ஓரியன்டாலிஸ் என்று வாயில் நுழையாத லத்தீன் பெயர். 1905இல் பீகாரில் உள்ள பூசாவில் தொடங்கியது. தொடங்கியவர் எட்வின் ஜான் பட்லர், அயர்லாந்துக்காரர், டாக்டருக்குப் படித்துவிட்டுப் பூசணத்துக்கு மாறியவர். 1901இல் இந்தியா வந்தார், 1918இல் அவர் எழுதிய பயிர் நோய்ப் புத்தகத்தை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1934 பூகம்பத்தில் பூசா கட்டடம் சிதைந்த பிறகு நிறுவனம் 1936இல் டெல்லிக்குப் போனது. சுமார் 50,000 மாதிரிகள், பெரும்பாலும் மடித்த காகித உறைகளுக்குள். ஒவ்வொன்றிலும் நோய் பிடித்த ஒரு இலை, ஒரு தண்டு, ஒரு கதிர். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய காட்டிலிருந்து வந்தது. அந்த யாரோ ஒருவர் அப்பாரு மாதிரி "நம்ம காட்டுப் பேரைப் போடாதே" என்று சொல்லியிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. கோயம்புத்தூர் மிளகாய்ப் பழத்தில் இருந்த ஒரு பூசணத்துக்கு 1913இல் ஜெர்மானியரான சைடோ பெயர் வைத்தார். பிற்பாடு கொல்லெட்டோட்ரைக்கம் கேப்சிசி என்ற பெயரில் உலகம் முழுக்க மிளகாய்ப் பழ அழுகலின் காரணியாக அறியப்பட்டது அதுதான். மஞ்சள் இலைப்புள்ளிக்கும் அதே பெயரைத்தான் நாங்கள் படித்தோம், என் ஹெர்பேரியத்தின் பதினொன்றாம் தாள் அது. 2009இல் ஆராய்ச்சியாளர்கள் பழைய மாதிரிகளையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது அமெரிக்காவில் 1832இலேயே பெயரிடப்பட்ட ட்ரன்கேட்டம்தான் என்று சேர்த்துவிட்டார்கள். நான் லேபிள் எழுதிய 2010இல் அந்தப் பெயர் ஏற்கெனவே காலாவதி. எனக்கும் தெரியாது, எங்களுக்குப் பாடம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. பெயர் தப்பானால் மாதிரி கெட்டுப்போவதில்லை. பெயரை எப்போது வேண்டுமானாலும் யாராவது திருத்திக்கொள்ளலாம், பொருள் கண் முன்னால் இருக்கிறதே. இடமும் தேதியும் அப்படி இல்லை. எடுத்தவர் எழுதினால்தான் உண்டு. கதிரை எத்தனை தரம் நுண்ணோக்கியில் பார்த்தாலும் அதில் மேக்காடு என்று எழுதியிருக்காது.

இன்னொன்றும் படித்தேன், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது. தொடர்ந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். காரணம் பூசணம்தான் என்று அடுத்த வருஷமே வாதாடிய பெர்க்லி என்ற பாதிரியார் உட்பட, அந்தக் காலத்தில் சிலர் கருகிய இலைகளை எடுத்துத் தாளில் ஒட்டி வைத்தார்கள். ஊரே பட்டினியில் சாகும்போது இலையை ஒட்டுவது குரூரமாகக்கூடத் தோன்றும். அந்தத் தாள்கள் லண்டன் கியூ தோட்டத்திலும் மியூனிக்கிலும் கிடந்தன. 2013இல், 11 தாள்களிலிருந்து கடுகளவு இலையைக் கிள்ளி டிஎன்ஏவைப் படித்தார்கள். பஞ்சத்தைக் கொண்டுவந்த பூசணத்தின் வம்சம் எது என்று தெரிந்தது. அதுவரை சந்தேகப்பட்ட வம்சம் அதுவல்ல, அதன் நெருங்கிய உறவு. ஹெர்ப்-1 என்று பெயர் வைத்தார்கள். ஹெர்பேரியத்தின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வம்சம் இப்போது வயல்களிலிருந்து அற்றுப்போயிருக்கலாம் என்கிறார்கள்.

தூங்கவிடாதது அதுவல்ல. அந்த இலைத் துணுக்குகளிலிருந்து வந்த டிஎன்ஏவில் பூசணத்தோடு உருளைக்கிழங்கும் இருந்தது. இருக்காதா பின்னே. நோயை எடுக்க வேண்டுமானால் அது பிடித்திருந்த செடியையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். நோய்க்காகச் சேர்த்த அலமாரி அது, செடி கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. டெல்லியில் இருக்கும் அந்த உறைகளில் இப்போது யாரும் விதைக்காத எத்தனை சோளமும் கம்பும் சாமையும் கரி பிடித்த கோலத்தில் உட்கார்ந்திருக்குமோ. விதை வங்கிகளுக்கு நல்ல விதையைத் தேடிப் போனவர்கள் எல்லா ஊருக்கும் வரவில்லை. எங்கள் ஊருக்கு யாரும் வந்ததாக ஆயா சொன்னதில்லை.

எங்கள் சோளத்தைத் தாளில் ஏற்றியவள் நான் ஒருத்திதான், அதுவும் அது நோயாக இருந்ததால்.

*

தாளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை, லாரி இல்லை. பாலித்தீனைப் பிரித்து, விளக்குக்குக் கீழே வைத்து, முதல் தடவையாக நோயைத் தவிர மற்றதைப் பார்த்தேன்.

கதிர் அவ்வளவு நெருக்கமில்லை, கொஞ்சம் தலைவிரித்த வாக்கு. உமி கருஞ்சிவப்பு, மணியைப் பாதிக்குமேல் மூடியிருக்கிறது. மணி சிறிசு, மங்கிய வெள்ளை, நுனியில் ஒரு பழுப்புப் பொட்டு. பாதிக்கதிரில் நல்ல மணி எண்ணினேன், நாற்பத்தொன்று. கரிப்பை எண்ணவில்லை, நிறைய உடைந்திருந்தன.

எந்த ஹெர்பேரியத்திலும் மாதிரியிலிருந்து எடுப்பதற்கு ஒழுங்கு உண்டு. அனுமதி வேண்டும், எவ்வளவு எடுத்தோம் என்று எழுத வேண்டும். இங்கே அனுமதி தர வேண்டியவளும் நானே. ஐந்து மணியைச் சின்ன இடுக்கியால் எடுத்தேன். ஈர வடிதாளில் வைத்து 30 டிகிரியில் வைத்தேன். பதினைந்து வருஷம், ஓட்டுக்குக் கீழே, சேலம் நாமக்கல் வெயிலில் கிடந்த விதை. முளைக்காது என்று எனக்குத் தெரியும். விதை அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். இருந்தும் திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போனேன், செவ்வாய்க்கிழமையும் போனேன்.

நாலாம் நாள் ஐந்து மணிமேலும் மஞ்சள் பச்சையாக ஒரு பூப்பு. சந்தோஷத்தில் ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. லென்ஸில் பார்த்தால் அஸ்பெர்ஜில்லஸ். தினமும் லாரியில் நான் தேடுகிற அதே ஆள்.

கரித்தூளையும் ஒரு துளி தண்ணீரில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். உருண்டை உருண்டையாக, கரும்பழுப்பாக, நேற்று எடுத்தது மாதிரி இருந்தன. உலர்ந்த இடத்தில் பல வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய வித்து அது. முளைக்கவைத்துப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. வைக்கவில்லை. விதை செத்து நோய் மட்டும் பிழைத்திருக்கிறது என்று தெரிந்தால், அதை ஆயாவிடம் எப்படிச் சொல்வது?

ஆயாவுக்கு எண்பத்தி நாலு. கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. தாளைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். கரிப் பக்கம் போகாமல் நல்ல மணி இருந்த பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்தாள். "நம்ம சோளமாட்ட இருக்குது" என்றாள். நம்ம சோளமேதான் என்றேன். "ஏங் கண்ணு, கரிக்கருதைப் போயி வெச்சிருக்கற?" என்றாள். அப்புறம் தானாகப் பேச ஆரம்பித்தாள். தட்டு இனிக்கும், மாடு அடிவரைக்கும் தின்னும், கழிக்காது. களி ரெண்டு நாளைக்குக் கெடாது, மூணாம் நாள் மோரில் கரைத்துக் குடிக்கலாம். குருவி அதிகம் வராது, உமி மூடியிருக்கும் பாரு. மழை தள்ளிப்போனால் சுருண்டுகொண்டு நிற்கும், ஒரு மழை விழுந்தால் எழுந்துகொள்ளும். அவளுடைய அம்மா வீட்டிலிருந்து வந்ததா இல்லை அப்பாரு குடும்பத்துச் சோளமா என்று கேட்டேன். "அது ஆருக்குத் தெரியும். நா வந்தப்பவே மொடாவுல இருந்துது."

*

ஹெர்பேரியத்தில் பழைய லேபிளைக் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது. தப்பாக இருந்தாலும் அது அங்கேயே இருக்க வேண்டும். பின்னால் பார்த்தவர் தான் கண்டதைத் தனிச் சீட்டில் எழுதி, பெயரும் தேதியும் போட்டுப் பக்கத்தில் ஒட்டுவார். சில பழைய தாள்களில் நூறு வருஷத்துக்கு நாலைந்து சீட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டியிருக்கும், ஒருவரை ஒருவர் மரியாதையோடு மறுத்துக்கொண்டு. எனக்கு அந்த வழக்கம் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சண்டை போட்டதில்லை.

சீட்டு வெட்டினேன். மை பேனாவில் எழுதினேன், பால்பாயிண்ட் மங்கிவிடும்.

இடம்: மேல் லேபிளில் உள்ளது தவறு. வெண்ணந்தூர் அருகே, மேக்காடு, மானாவாரி. பயிர் ரகம்: உள்ளூர், வீட்டு விதை, "நம்ம சோளம்". கதிர் சற்று விரிந்தது, உமி கருஞ்சிவப்பு, மணி மங்கிய வெள்ளை, நுனியில் பழுப்புப் பொட்டு. ஐந்து மணி எடுக்கப்பட்டது, முளைக்கவில்லை. களி இரண்டு நாள் கெடாது.

கடைசி வரி எந்த ஹெர்பேரியச் சீட்டிலும் இருக்காது. இருக்கட்டும்.

சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப்போனவள் நிறுத்தினேன். நான் எங்கே சேகரித்தேன்? காட்டுக்குள் போய், கண்டுபிடித்து, தூள் சிந்தாமல் ஒடித்து, சாக்கில் போட்டவர் அவர். நான் சாக்கிலிருந்து எடுத்தவள். அப்பாருவின் பெயரை முழுசாக, அவருடைய அப்பா பெயரின் முதல் எழுத்தோடு எழுதினேன். அவர் வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. எழுதினேன்.

ஆயா என்ன எழுதியிருக்கிறாய், படி என்றாள். படித்தேன். களி வரும்போது தலையாட்டினாள். பெயர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. மாவட்டம், நாமக்கல் என்று முடித்தேன்.

"சேலம் ஜில்லான்னு போடு" என்றாள். "அப்பாரு அப்பிடித்தான் சொல்லுவாங்க."

1997இலேயே பிரித்துவிட்டார்கள் ஆயா என்றேன். அவள் தாளை என் பக்கம் தள்ளினாள். சீட்டில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.